கணக்கில் முளைத்த மேடு

அத்தியாயம் 7

ஆராய்ச்சிக்கூடம் என்றால் மருந்து வாசனை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது எலிப் புழுக்கை நாற்றம்.

"மூக்கைப் பொத்தாதீங்க கொழுந்தனாரே," என்று அண்ணி என் காதோரம் சொன்னார். "நீங்க மீன்பிடிப் படகுச் சங்கத்துச் செயலாளர். இதைவிடப் பெரிய நாத்தமெல்லாம் பாத்தவர்."

"அந்தப் பதவியை இப்பவே ராஜினாமா பண்ணிடறேன் அண்ணி."

"முன்னூறு உருண்டைக்கு ஆர்டர் குடுக்கப் போற ஆள் இப்படிப் பேசக்கூடாது. சிரிங்க."

சிரித்தேன். சிரித்தபோது அந்த நாற்றம் வாய் வழியாகவும் உள்ளே போயிற்று.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. மடக்கை அட்டவணை, வாய்ப்பாடு அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் எண்களுக்குப் பிழை திருத்தியவர். ஒரு எண்ணைக் காட்டினால் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். அச்சகத்தை மூடியதும் துப்பறியும் நிலையம் திறந்தார். குளியலறை ஓடு விற்றுக்கொண்டிருந்த எனக்கும் அதே சமயம் வேலை போனதால், அவருக்கு டிரைவர், பை தூக்கி, திட்டு வாங்கி என்று மூன்று உத்தியோகம் ஒன்றாகக் கிடைத்தது.

முந்தாநாள் ஒரு படகோட்டியின் மனைவி எங்கள் மேசையில் ஒரு காலி அட்டைப் பெட்டியையும் அதற்குள் இருந்த துண்டுத் தாளையும் வைத்தார். நாற்பது நாளுக்கு முன் ஒரு காலை, மூடுபனிக்குள் சரக்குக் கப்பல் ஒன்று அவர் புருஷனின் படகை ஏறி மிதித்துவிட்டுப் போயிருந்தது. புருஷன் போய்விட்டார். படகில் கூட இருந்த அந்த அம்மாளின் தம்பி மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தான்.

சின்னப் படகு கப்பலின் ரேடாரில் தெரியாது. அதனால் பனி இறங்கினால் பாய்மரக் கம்பத்தில் ஒரு உலோக உருண்டையை ஏற்றுவார்கள். ரேடார் அலை அதில் பட்டுச் சிதறித் திரும்பிப் போகும். கப்பல்காரன் திரையில் ஒரு புள்ளி விழும். அதை ஏற்றுவது தம்பியின் வேலை. அன்றைக்குக் கப்பல் திரையில் புள்ளி விழவில்லை. உருண்டை ஐந்து மைலுக்குப் பளிச்சென்று தெரியும் என்று அதைச் செய்த கம்பெனி சான்றிதழ் வைத்திருந்தது. ஆகவே தம்பி அதை ஏற்றவே இல்லை என்று விசாரணை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கம்பமும் உருண்டையும் கடலுக்கு அடியில். இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் கடைசி அமர்வு.

அந்த அம்மாள் அழவில்லை. அழுகையெல்லாம் முடிந்துபோன முகம் அது.

"ஏத்தினேன்னு அவன் சொல்றான். ஏத்தினா கண்டிப்பாத் தெரியும்னு கம்பெனி சொல்லுது. ரெண்டுல ஒண்ணுதானே நிஜமா இருக்கும்? நாப்பது நாளா அவன் மூஞ்சியப் பாத்து நான் பேசல. என் தம்பி பொய் சொல்றானா இல்லையா, அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அண்ணி அந்தத் துண்டுத் தாளைப் பூதக்கண்ணாடியில் அரை மணி நேரம் பார்த்தார். உருண்டையோடு வந்த அந்தத் தாளில், எந்த அலைவரிசையில் அது எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்பும் என்று ஒரு வரைபடம். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை ஒரு கோடாக வரைந்திருந்தார்கள். நிஜமாகவே அளந்து பார்த்ததைக் கறுப்புப் புள்ளிகளாக வைத்திருந்தார்கள். கோடு தரையோடு தரையாக வந்து, ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக ஒரு மேடு ஏறி இறங்கியது. கப்பல் ரேடாரின் அலைவரிசை மிகச் சரியாக அந்த மேட்டின் உச்சியில். புள்ளிகளும் ஒன்றுவிடாமல் கோட்டின் மேலேயே ஏறி இறங்கியிருந்தன.

"இந்த மேடு எனக்குப் பிடிக்கல," என்றார் அண்ணி. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்திருந்தோம்.

கம்பெனி டைரக்டர் எங்களை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். வாசனைக் களிம்பை உள்ளங்கையில் பிதுக்கித் தேய்த்துக்கொண்டே பேசுகிற ஆள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிதுக்கினார். எலி நாற்றத்தோடு அந்த ரோஜா வாசனையும் சேர்ந்துகொண்டது.

"இதுதான் எங்க அளவு அறை. நாட்டுலேயே மூணே மூணு இடத்துலதான் இப்படி இருக்கு," என்று விளக்கைப் போட்டார்.

நான்கு சுவரிலும் கூரையிலும் நீல நிற நுரைக் கூம்புகள். அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அளவைக் கெடுக்காமல் இருக்க அவை வேண்டுமாம். பாதிக் கூம்புகளை எலிகள் குடைந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பிய்ந்து விழுந்த இரண்டை யாரோ உட்காரும் மெத்தையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வட்ட மேசை. உருண்டையை அதில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி அளக்க வேண்டும். மேசை மேல் உருண்டை இல்லை. பழைய செருப்புகள் நிறைந்த ஒரு அட்டைப் பெட்டியும், மூடி திறந்த ஒரு சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. டப்பாவுக்குள் பச்சை நிறத்தில் ரோமம் வளர்ந்திருந்தது.

"இங்கதான் அளந்தீங்களா?" என்று அண்ணி பயபக்தியோடு கேட்டார்.

"போன வருஷம் முழுசா மூணு மாசம். எழுநூத்து இருபது புள்ளி. ஒவ்வொண்ணும் என் கண் முன்னால எடுத்தது."

"மேசை நல்லாச் சுத்துமா?"

"சும்மா வழுக்கிட்டுச் சுத்தும் மேடம்."

அண்ணி புடவைத் தலைப்பைச் சரி செய்கிற சாக்கில் குனிந்தார். நானும் குனிந்து பார்த்தேன். மேசையைத் தரையோடு சேர்த்து இரண்டு சிவப்பு இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. லாரியில் வரும்போது ஆடாமல் இருக்கப் போடுகிற பட்டைகள். 'பயன்படுத்தும் முன் கழற்றவும்' என்ற அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. திருகாணிகளின் மேல் பூசிய வர்ணம் கீறல் விழாமல் அப்படியே இருந்தது. அந்த மேசை பிறந்ததிலிருந்து ஒரு அங்குலம்கூடச் சுற்றியதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் காலை மிதித்தார்.

"அந்த விபத்தைப் பத்திப் படிச்சிருப்பீங்க," என்றார் டைரக்டர், அடுத்த பிதுக்கலோடு. "அதனால சங்கத்துல யோசிப்பாங்க. யோசிக்கவே வேணாம். அது எண்ட் யூசர் பிழை, அதாவது உபயோகிக்கிறவன் தப்பு. ஏத்த வேண்டியவன் ஏத்தாமத் தூங்கிட்டான். அந்த ஆளுங்க பாதிப் பேர் குடிச்சிட்டுத்தானே கடலுக்கே போறாங்க."

செத்தவருக்கும் பிழைத்தவனுக்கும் இந்த ஆளின் வாயில் 'எண்ட் யூசர்' என்று பெயர். எனக்கு அந்தச் சாப்பாட்டு டப்பாவே தேவலை போலிருந்தது. அது கெட்டுப்போனதையாவது மறைக்காமல் திறந்து வைத்திருந்தது.

"கணக்குப் போட்டவங்களையும் ஒரு தடவை பாத்துட்டா எங்க செயலாளர் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவார்," என்றார் அண்ணி.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றும், கணக்கு மேடம் எல்லாம் விளக்குவார் என்றும் சொல்லி, எங்களை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனார். கைகுலுக்கினார். என் கையில் ரோஜா ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையால் மூன்று முறை துடைத்தும் போகவில்லை.

கதவுக்குப் பின்னால் வேறு உலகம். சுத்தமான, குளிர்ந்த அறை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். தானே காபி ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் மனுஷி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க சங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. செத்துப்போன படகோட்டியோட மனைவி அனுப்பி வந்திருக்கோம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் போகச் சொல்லவில்லை.

"என்ன தெரியணும்?"

"நீங்க எப்படிக் கணக்குப் போடறீங்கன்னு. இவருக்கும் புரியற மாதிரி."

இவர் என்றது என்னை. கணக்கு மேடம் லேசாகச் சிரித்து, உருண்டையின் படத்தைத் திரையில் காட்டினார். அதன் தோலைப் பல்லாயிரம் சின்ன முக்கோணங்களாக வெட்டியிருந்தார்.

"ரேடார் அலை பட்டதும் ஒவ்வொரு முக்கோணத்துலயும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அது மத்த எல்லா முக்கோணத்தையும் பாதிக்கும். எல்லாரும் எல்லார்கூடவும் பேசற மாதிரி. அப்படியே போட்டா ஒரு உருண்டைக்கு ரெண்டு நாள் ஆகும். நான் என்ன செஞ்சேன்னா, பக்கத்துல இருக்கிறவங்க மட்டும் நேராப் பேசட்டும், தூரத்துல இருக்கிற கூட்டத்துக்கு ஒரு பிரதிநிதி பேசினாப் போதும்னு வெச்சேன். ஆறு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"எங்க வீட்டு விசேஷத்துல இதைச் செஞ்சிருந்தா பாதிச் சண்டை குறைஞ்சிருக்கும்," என்றேன்.

"விடை ஒரே அடியில வராது," என்று அவர் தொடர்ந்தார். "ஒரு விடையை உத்தேசமா வெச்சுட்டு, எவ்வளவு தப்புன்னு பாத்து, திருத்தி, மறுபடி பாக்கணும். அதை ஒரு சுத்துன்னு சொல்லுவோம். நாப்பது சுத்துல தப்பு மறைஞ்சிடும்."

அண்ணி துண்டுத் தாளை எடுத்து மேட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல எத்தனை சுத்து?"

அவர் ஒரு கோப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். வரிசையாக எண்கள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. நடுவில் ஆயிரம்.

"ஆயிரத்துல முடிஞ்சுதா?"

"முடியல. ஆயிரத்துல வெட்டிடும். அதுக்கு மேல போக வேணாம்னு எழுதி வெச்சிருந்தேன். அதுவரைக்கும் கையில இருக்கிற எண்ணை விடைன்னு எழுதிடும்."

"எதுக்குத் திணறிச்சு?"

"உருண்டை மூடின கூடு. நிஜத்துல அலை உள்ள போகவே போகாது. ஆனா நான் முதல்ல போட்ட சமன்பாட்டுக்கு உள்ளே எது, வெளியே எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. சில அலைவரிசையில, உள்ள இருக்கிற காலி இடம் அதிருதுன்னு அதுவா நினைச்சுக்கும். அந்த அதிர்வுதான் இந்த மேடு. கடலுக்கு எடுத்துட்டுப் போனா இந்த மேடு கிடையாது. கணக்குக்குள்ள மட்டும்தான் இருக்கு."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தால் அப்படிச் செய்வார்.

"எங்க வாய்ப்பாட்டை ஒருத்தன் திருடி அச்சடிச்சான். கோர்ட்ல வந்து, சரியான எண் யாருக்கும் ஒண்ணுதானே, நான் பாத்து எழுதினேன்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டான். எங்க புத்தகத்துல நாலு இடத்துல நான் கோட்டை விட்டிருந்தேன். அவன் புத்தகத்துலயும் அதே நாலு." விரல் கறுப்புப் புள்ளிகளின் மேல் நகர்ந்தது. "கடவுள் போட்ட கணக்குல உங்க சமன்பாட்டோட தப்பு வராது. உருண்டையை மேசையில வெச்சு அளந்திருந்தா புள்ளியெல்லாம் கீழ கிடக்கும். இந்தப் புள்ளியெல்லாம் இல்லாத மேட்டுல ஏறி உக்காந்திருக்கு. இது அளந்தது இல்ல. உங்க கோட்டைப் பாத்துப் பொட்டு வெச்சது."

"டைரக்டர்தான் வெச்சார்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "சான்றிதழ் வாங்கற அவசரம்."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றேன். "இல்லாத மேடு எங்கயோ வந்துட்டுப் போகட்டும். கப்பல் ரேடார் இருக்கிற இடத்துலயே வந்து எப்படி நின்னுச்சு? அவ்வளவு பொருத்தமா?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

கணக்கு மேடம் திரையில் இருந்த உருண்டையைக் காட்டினார்.

"ஆறு நிமிஷத்துல முடியுதுன்னதும் டைரக்டருக்குத் தலைகால் புரியல. நானூறு விதமான அளவுல போட்டுப் பாரு, ரேடார் அலைவரிசையில எது அதிகமாத் திருப்பி அனுப்புதோ அதை எடுன்னார். எடுத்தோம். முப்பத்தொண்ணு புள்ளி ஏழு சென்டிமீட்டர். அந்த அளவுலதான் வார்ப்படமே செஞ்சாங்க. நானூறுல எது நல்லதோ அதை எடுக்கல. எதுல கணக்கு ரொம்பத் தப்பா வந்துச்சோ அதை எடுத்தோம்."

மணிக்கணக்காக ஒரு எந்திரம் உட்கார்ந்து, நானூறு பொய்யில் பெரிய பொய்யாகப் பொறுக்கி எடுத்திருக்கிறது. அதைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் பனிக்குள் போயிருக்கிறார்.

"சரியான கணக்கு இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கு. ரெண்டாவது சமன்பாடு ஒண்ணையும் கலந்து போட்டா உள்ள அதிராது. முப்பத்தொரு சுத்துல முடிஞ்சிடும்."

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. அதே கோடு. மேடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கப்பல் ரேடாரின் அலைவரிசை அந்தப் பள்ளத்தின் அடியில் இருந்தது. உருண்டையை ஏற்றினாலும் ஒன்றுதான், ஏற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

"புள்ளி விழலங்கிறதை வெச்சு இனிமே தம்பியைப் பொய்யன்னு சொல்ல முடியாது அண்ணி. கிளம்புவோம்," என்று எழுந்தேன். "மேடம், நீங்க மட்டும் இல்லேன்னா..."

அண்ணி எழவில்லை. தாளின் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சரியான கணக்கை எப்ப போட்டீங்க?"

அண்ணி அந்த மூலையில் விரலை வைத்தார்.

"தேதி இருக்கு. விபத்து நடக்கிறதுக்கு ஏழு மாசம் முன்னால."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"டைரக்டருக்கு மெயில் போட்டேன்," என்றார் அவர் அவசரமாக. "இங்க பாருங்க. எல்லாம் எழுதியிருக்கேன். விக்கறதை நிறுத்துங்கன்னு எழுதியிருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"'நன்றி, கவனிக்கிறேன்'னு வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் வரல."

"ஒண்ணுமேவா?"

அவர் தன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். புது நாற்காலி, புது மேசை, கதவில் புதுப் பலகை.

"எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு."

அரை மணி நேரமாக இந்தப் பெண்ணைக் கூடப் பிறந்தவளைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த காபியைப் பாதிக்கு மேல் குடித்துமிருந்தேன். கோப்பையை மேசையில் வைத்துத் தள்ளினேன்.

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே," என்றேன். "படகுக்காரங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். ஏழு மாசம் மேடம். தினமும் பனியா பெய்யுது? பனி வர்ற வரைக்கும் எவ்வளவோ நாள் இருந்துச்சே."

"நான் கணக்குப் போடறவ. விக்கறது என் வேலை இல்ல," என்றார். பிறகு அண்ணியிடம், "என் பேரு வராமப் பாத்துக்க முடியுமா?"

"முதல் வரியிலேயே வரும்," என்றார் அண்ணி. "தப்பைக் கண்டுபிடிச்சவங்கன்னும் வரும், கண்டுபிடிச்சுட்டுச் சும்மா இருந்தவங்கன்னும் வரும். ரெண்டும் நிஜம். இப்ப எங்ககூட வந்து நீங்களே சொன்னீங்கன்னா மூணாவதா ஒண்ணு சேத்துக்கலாம்."

அவர் வரவில்லை. மெயிலையும் கோப்பையும் அச்செடுத்து உறையில் போட்டு, பசை தடவி, நன்றாக அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். அந்த நேர்த்தியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

காரில் நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. கையில் ரோஜா வாசனை இன்னும் இருந்தது.

துறைமுக அலுவலகத்துக்குப் போனபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. ஒரு கோடியில் படகோட்டியின் மனைவி. மறு கோடியில் அவருடைய தம்பி, முப்பது வயது இருக்கும், தோள் அகலமான ஆள். நடுவில் ஆறு பேர் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது.

அண்ணி அந்த அம்மாளின் முன்னால் போய் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க தம்பி பொய் சொல்லலம்மா. ஏத்தியிருக்கான். உருண்டைதான் பொய். அது கம்பத்துல தொங்கியும் கப்பலுக்குத் தெரியல. தெரியாதுன்னு கம்பெனிக்கு விபத்துக்கு ஏழு மாசம் முன்னாலயே தெரியும்."

அந்த அம்மாள் மறு கோடியில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "இனிமே யாரும் காத்திருக்க வேணாம். அந்தக் கோடியில இருக்கிற தம்பி ரெண்டு மணிக்கே வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டார். ஏத்தல, தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டார். கம்பெனி வக்கீல்தான் கூட இருந்தார். மூணு மணிக்கு வாசிச்சு முடிச்சிடுவாங்க."

அண்ணி அவரைத் தாண்டி உள்ளே போனார். நானும் ஓடினேன். விசாரணை அதிகாரியின் மேசையில் அந்த வாக்குமூலம் கிடந்தது. அண்ணி உறையைக் கிழித்து, அதன் மேல் மெயிலையும் பள்ளம் விழுந்த கோட்டையும் வைத்தார். முன்வரிசையிலிருந்து டைரக்டர் எழுந்தார்.

"இவங்க சங்கத்து ஆளுங்க இல்லையா? அது எங்க கம்பெனி ரகசியம். அதை யாரும் படிக்கக் கூடாது."

"படிக்க வேணாம் சார்," என்றார் அண்ணி அதிகாரியிடம். "இவரோட அளவு அறைக்கு ஒரு ஆளை அனுப்புங்க. மேசையைத் தரையோட பிடிச்சிருக்கிற சிவப்புப் பட்டையை எப்பக் கழட்டினாருன்னு மட்டும் கேளுங்க. எழுநூத்து இருபது தடவை சுத்தின மேசை அது."

டைரக்டரின் கைகள் தேய்ப்பதை நிறுத்தின. அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெயிலின் தேதியைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். வாசிக்க எடுத்து வைத்திருந்த வாக்குமூலத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

நான் வெளியே வந்தேன். அந்த நீளப் பெஞ்சில் அக்கா எழுந்து தம்பியின் முன்னால் போய் நின்றிருந்தார்.

"ஏத்தினியாடா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "ஏத்தினேன்க்கா."

"அப்புறம் எதுக்குடா ஏத்தலன்னு கையெழுத்துப் போட்ட?"

"நாப்பது நாளா உன் பின்னாலயே சொல்லிட்டு அலைஞ்சேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. நீயே நம்பலன்னா நான் நிஜமாவே ஏத்தாமத்தான் இருந்திருப்பேன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சிடுச்சுக்கா."

அக்கா அந்த இடத்திலேயே, அவன் காலடியில், தரையில் உட்கார்ந்துவிட்டார்.